தாத்தா கிரயம் வாங்கிய தேயிலைத் தோட்டம், பட்டா மூத்தவர் பெயரில்: யாருக்கு எவ்வளவு, எப்படிப் பிரிப்பது?

ஹட்டிவாசல்
வணக்கம். கோத்தகிரி தாலுகாவில் ஒரு குடும்பச் சொத்துத் தகராறு. விவரத்தைப் போடுகிறேன், விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மொத்தம் 4 ஏக்கர். 3 ஏக்கர் 60 சென்ட் தேயிலை, நல்ல சரிவு. மீதி 40 சென்ட் ஓடைக்கரை, கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிற நிலம். இது தவிர எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், ஒரு வீடு. தோட்டத்தைத் தாத்தா 1968-ல் கிரயம் வாங்கினார், பதிவான பத்திரம் இருக்கிறது. 1991-ல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி 2003-ல். மகன்கள் 3, மகள்கள் 2. மூத்த மகன் 2016-ல் தவறிவிட்டார், அவருக்கு மனைவியும் 2 பிள்ளைகளும். பட்டா 1980-களிலேயே மூத்தவர் பெயருக்கு மாறியிருக்கிறது. தோட்டத்தைப் பார்ப்பதும் ஃபாக்டரிக்கு இலை போடுவதும் அந்த வீட்டார்தான். "பட்டா எங்க பேர்ல, தோட்டம் எங்களுது" என்பது அவர்கள் பேச்சு. "2005 சட்டம் வருமுன்னே தாத்தா போய்ட்டார், அதனால பொண்ணுங்களுக்கு இல்ல" என்பது மற்ற இரண்டு மகன்களின் பேச்சு. கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்க வழி உண்டா?

பத்திரக்கட்டு
இரண்டு பேச்சும் தவறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சொத்து எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1968-ல் தாத்தா தன் பணத்தில் கிரயம் வாங்கியது என்றால் அது அவருடைய சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்த சொத்து. சுயார்ஜிதத்தில் மகளுக்குப் பங்கு 2005-ல் வரவில்லை, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-வது பிரிவிலேயே இருக்கிறது. உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சம பங்கு. 2005 திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு கொடுத்ததைப் பற்றியது. அதை இந்தத் தோட்டத்துக்கு இழுக்கவே வேண்டாம்.

கணக்கு இப்படி. 1991-ல் பாட்டியும் 5 பிள்ளைகளும் ஆளுக்கு 1/6. 2003-ல் பாட்டியின் 1/6 அந்த 5 பேருக்கும் சமமாகப் போகிறது. ஆக ஆளுக்கு 1/5, அதாவது 80 சென்ட். 2016-ல் மூத்தவர் இறந்ததும் அவருடைய 80 சென்ட் மனைவிக்கும் 2 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/15, சுமார் 26.67 சென்ட். மூத்தவர் வீட்டுக்கு உரியது இவ்வளவுதான், முழு 4 ஏக்கர் இல்லை.

இதே தோட்டம் கொள்ளுத்தாத்தா வழி வந்த பூர்வீகம் என்று நிரூபணமானாலும் இந்தக் குடும்பத்தில் விடை மாறாது. உச்ச நீதிமன்றம் 11.8.2020-ல் வினீதா சர்மா வழக்கில், மகளின் உரிமை பிறப்பால் வருவது, திருத்தம் அமலான 9.9.2005 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் தாத்தாவும் 5 பிள்ளைகளும் ஆளுக்கு 1/6. தாத்தாவின் 1/6 பாட்டிக்கும் 5 பிள்ளைகளுக்கும் 1/36 வீதம். பாட்டியின் 1/36 மறுபடி ஐந்தாக. கூட்டிப் பாருங்கள், அதே 1/5. பூர்வீகம் என்றால் மாறுவது வேறு இடத்தில்: பேரப்பிள்ளைகளும் தங்கள் கிளையில் பிறப்பாலேயே பங்காளி ஆகிறார்கள், ஒருவர் முழுச் சொத்தையும் உயில் எழுத முடியாது.

20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையோ கோர்ட் தீர்ப்போ இருந்தால் மட்டும் பூர்வீகச் சொத்தில் கதை வேறு. அப்படி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குந்தா_ஓரம்
எங்க பக்கம் பொண்ணுங்களுக்குத் தோட்டம் எழுதுறது வழக்கத்திலேயே இல்லீங்க. கல்யாணத்துல செய்யறதைச் செஞ்சிடறோம். ஊர்ப் பெரியவங்க முன்னாடி பேசி அண்ணன் தம்பி பிரிச்சுக்குவாங்க. வழக்கத்துக்குச் சட்டத்துல மதிப்பு இல்லையா?

பத்திரக்கட்டு
வாரிசுரிமை விஷயத்தில் இல்லைங்க. அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு, சட்டம் பேசுகிற எந்த விஷயத்திலும் அதற்கு முந்தைய வழக்கம் செல்லாது என்கிறது. கல்யாணச் செலவு, நகை, சீர் எதுவும் பங்கில் கழியாது.

2(2) பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் அது பட்டியல் பழங்குடியினருக்கு. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள், அவர்களுக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. படுகர் சமூகம் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே விலக்கும் இல்லை. குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தால் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு 1/3, மீதி 2/3 பிள்ளைகளுக்குச் சமமாக, அதிலும் ஆண் பெண் பேதம் கிடையாது.

ஊர்க் கூட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. எல்லோரையும் உட்கார வைத்துப் பேச அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மகள்களைக் கூப்பிடாமல் அங்கே எழுதிய தாள் பிற்பாடு நிற்காது.

முன்சீப்_வாசல்
பட்டா பற்றி ஒரு வார்த்தை. பட்டா வருவாய்த் துறை ஆவணம், வரி யார் கட்டுவது என்பதற்கான பதிவு. அது உரிமையை உண்டாக்காது, ஒருவரின் உரிமையை எடுத்துவிடவும் செய்யாது. 1991 வரை தாத்தாவே உயிரோடு இருந்திருக்கிறார், அவர் மூத்தவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் எதுவும் இல்லை என்றால் 1980-களின் பெயர் மாற்றத்துக்கு அடிப்படையே இல்லை.

"இத்தனை வருஷம் நாங்கதான் அனுபவிக்கிறோம்" என்ற வாதமும் எளிதில் நிற்காது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களுக்குத் தெரியும்படி ஒதுக்கி வைத்து, அதன்பின் 12 ஆண்டு கடந்தால்தான் எதிரிடை அனுபவம் என்ற பேச்சே வரும். கிஸ்தி (நிலவரி) ரசீதும் பட்டாவும் மட்டும் அதற்குப் போதாது. அதனால்தான் சொல்கிறேன்: "தோட்டம் எங்களுது" என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டு, அலட்சியமாக இருக்காமல் வக்கீல் நோட்டீஸாவது அனுப்பி வையுங்கள்.

தாசில்தாரிடம் பட்டா மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் அலைபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1983 பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவுக்கு ஆர்.டி.ஓ.விடம் (கோட்டாட்சியர்) மேல்முறையீடு, பிறகு டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. ஆனால் உரிமையிலேயே தகராறு என்றால் அவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் கைகாட்டுவார்கள். யு.டி.ஆர் (நிலவரித் திட்டத்தில் நில ஆவணங்களைப் புதுப்பித்த) பதிவில் நேர்ந்த வெறும் பெயர்ப் பிழை, பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்ற நிலையில் மட்டும் அந்த வழி வேகமான வழி.

ஹட்டிவாசல்
நன்றி. பேசி முடிக்கும் முன் என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்?

பத்திரக்கட்டு
1968 கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம் கிடைத்தால் அதுவும். தாத்தா, பாட்டி, மூத்தவர் மூவருக்கும் இறப்புச் சான்று. மூவருக்கும் தனித்தனி வாரிசுச் சான்று. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: தாத்தாவுக்கு மட்டும் வாங்கி, அதில் "மூத்த மகன் (இறப்பு)" என்று போட்டு விட்டுவிடுவார்கள். மூத்தவரின் மனைவி, பிள்ளைகள் பெயர் அவருடைய வாரிசுச் சான்றில்தான் வரும். இ-சேவை வழியாக மனு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை, பிறகு தாசில்தார் சான்று. வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்றுதான் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

வில்லங்கச் சான்று 1968-லிருந்து எடுங்கள். இணையத்தில் எல்லா ஆண்டும் கிடைக்காமல் போகலாம், கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு கைத்தேடல். வில்லங்கத்தில் பதிவான கிரயம், அடமானம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுப்பது) வரும். பதிவாகாத உயிலோ வாய்மொழிப் பிரிவினையோ வராது. எனவே வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்பதால் உயில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கூடவே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம். வீட்டுக்கு நத்தம் பட்டாவும் வீட்டு வரி ரசீதும்.

பட்டா மாற்றத்துக்கு "ஆட்சேபணை இல்லை" என்று தாசில்தார் முன் மகள்கள் போட்ட கையெழுத்தைக் காட்டி, பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வாதாடுவதுண்டு. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவாகியே ஆக வேண்டும், 1908 பதிவுச் சட்டம் 17-வது பிரிவு. வாக்குமூலத்தாலோ வெள்ளைத்தாள் கடிதத்தாலோ உரிமை போகாது.

சர்வே_கல்
காகிதம் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மலையில் குடும்பம் உடைவது பெரும்பாலும் டேப் பிடிக்கும்போதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புல வரைபடத்தில் இருக்கும் பரப்பு கிடைமட்டப் பரப்பு. மேலிருந்து நேர்க்கோணத்தில் பார்த்தால் தெரிகிற அளவு. நீங்கள் டேப்பைச் சரிவில் படுக்க வைத்து அளந்தால் அதிகமாக வரும். 30 டிகிரி சரிவில் 100 அடி டேப் என்பது வரைபடத்தில் 86.6 அடிதான். 20 டிகிரியில் 94 அடி. சரிவோடு அளந்து "80 சென்ட் கொடுத்துட்டோம்" என்று கல் போட்டால், பிறகு உட்பிரிவுக்கு வருகிற சர்வேயர் கணக்கில் அது 69 சென்ட்தான் வரும். 11 சென்ட் எங்கே என்று சண்டை ஆரம்பிக்கும். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள், அளந்த முறைதான் தப்பு. டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிபடியாக இறங்கி அளக்க வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் (மின்னணு அளவைக் கருவி) வைத்திருக்கும் உரிமம் பெற்ற சர்வேயரைக் கூப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கிடைமட்டத்தில் சமமான இரண்டு 80 சென்ட் துண்டில், செங்குத்துச் சரிவில் இருப்பதற்கு மண்பரப்பு அதிகம், செடியும் கூடுதலாக நிற்கலாம், ஆனால் உரம் சுமப்பதும் இலை இறக்குவதும் கடினம், மண் அரிப்பும் அதிகம். 4 அடிக்கு 4 அடி இடைவெளியில் நட்ட பழைய தோட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 2,700 செடி வரும் என்பது கணக்கு. நடைமுறையில் செத்த செடி, பாறை, தடம் எல்லாம் கழித்துக்கொண்டால் குறையும். ஒவ்வொரு துண்டிலும் உயிருள்ள செடியை வரிசை வரிசையாக எண்ணி எழுதிவிடுங்கள். சென்ட் கணக்கை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள்.

அளப்பதற்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழையில் கால் வைக்க முடியாது. கவாத்து (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) செய்த ஆண்டு என்றால் இன்னும் வசதி, செடிக்கடியில் புதைந்த பழைய எல்லைக் கல் தெரியும். 2009 நவம்பர் மண்சரிவு மாதிரி ஏதாவது நேர்ந்தால் கல்லே இடம் மாறிவிடும், எனவே ஒவ்வொரு மூலைக்கும் அசையாத ஏதோ ஒன்றிலிருந்து, பாறையோ பாலமோ கோயில் சுவரோ, இரண்டு தூரம் அளந்து பத்திரத்தோடு சேர்க்கும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

பச்சைஇலை
ஓடைக்கரை 40 சென்ட் இருக்கிறதே, அதை வைத்துத்தான் பெரிய தகராறு வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உள்ள காய்கறி நிலத்தின் வருமானமும் மேட்டுத் தேயிலையின் வருமானமும் ஒன்றாகாது. ஆளுக்கு 8 சென்ட் என்று வெட்டினால் யாருக்கும் பயனில்லை, வரப்புக்கும் தடத்துக்குமே நிலம் போய்விடும். ஒருவரோ இருவரோ அதை எடுத்துக்கொண்டு தேயிலையில் குறைத்துக்கொள்ளட்டும், அல்லது மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுக்கட்டும். ஓடைத் தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் பொது என்று எழுதுங்கள்: மோட்டார் எங்கே நிற்கும், குழாய் யார் துண்டு வழியாக எத்தனை அங்குலத்தில் போகும், உடைந்தால் உள்ளே வந்து சரிசெய்யும் உரிமை, முறைநாள்.

வழியும் அப்படித்தான். மேல் துண்டுக்காரர் இலை மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுவரக் கீழ்த் துண்டு வழியாகத்தான் வர முடியும் என்றால் தடத்தின் அகலத்தை அடிக்கணக்கில் போடுங்கள். தலைச்சுமைக்கு 3 அடி போதும், பிக்கப் வண்டி மேலே போக வேண்டுமென்றால் 10 அடியாவது வேண்டும். "பாதை வழக்கம்போல்" என்று எழுதின பத்திரங்கள்தான் கோர்ட்டில் அதிகம் கிடக்கின்றன.

தகராறு முடியும்வரை தோட்டத்தைப் போட்டு வைக்கக் கூடாது. 10 முதல் 15 நாளுக்கு ஒரு சுற்று இலை எடுத்தாக வேண்டும். இரண்டு மூன்று சுற்று தவறினால் இலை முற்றிவிடும், ஃபாக்டரியில் விலை அடிபடும். மாதக்கணக்கில் விட்டால் செடி மரமாகப் போகும், பிறகு ஆழக் கவாத்து வெட்டி மூன்று நான்கு மாதம் வருமானமே இல்லாமல் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மருந்தடிக்காவிட்டால் கொப்புள நோய் வேறு. சண்டையில் எல்லோருடைய பங்கும்தான் அழியும்.

ஆகவே இடைக்கால ஏற்பாடு ஒன்று வேண்டும்: இப்போது பார்க்கிறவர்களே தொடர்ந்து பார்க்கட்டும், கூட்டு வங்கிக் கணக்கு ஒன்று, பறிப்புக் கூலி, உரம், மருந்து, வண்டிக் கூலி ரசீதோடு கழித்து மீதியை 1/5 வீதம் பிரிப்பது. ஃபாக்டரியில் இலை யார் பெயரில் போகிறதோ அவர் பெயரில்தான் பணம் வரும், இலைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வருமானக் கணக்குக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இன்னொன்று, கவாத்து சுழற்சி 4, 5 ஆண்டு. கவாத்து வெட்டிய ஆண்டின் வருமானத்தை வைத்துத் துண்டின் மதிப்பைப் போட்டால் தப்பாகிவிடும், ஒரு முழுச் சுழற்சியின் சராசரி பாருங்கள்.

தாண்டிக்குடி_மேடு
பழனி மலைப் பக்கமும் இதே கதைதான், பயிர் மட்டும் வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் காப்பிக்குள் மிளகு, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் கலந்து நிற்கும். காப்பி எடுப்பு நடக்கும்போது பிரிக்கப் போகாதீர்கள், காய் யாருக்கு என்று தனிப் பஞ்சாயத்து வரும். எடுப்பு முடிந்தபின் காப்பிச் செடி, மிளகுக் கொடி ஏறிய மரம், பட்டர் ஃப்ரூட் மரம் தனித்தனியாக எண்ணி வையுங்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு நிலம் படிப்படியாக இருக்கும். அங்கே நேர்க்கோடு போட்டுப் பிரித்தால் ஒரே படியை இரண்டாக வெட்டும். படிப்படியாகவே கொடுங்கள், இரண்டு படிக்கு நடுவில் நிற்கும் கல்கட்டு யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள். சரிந்தால் மேல்நிலக்காரர் மண் போகும், கீழ்நிலக்காரர் பயிர் போகும், செலவு மட்டும் யாரும் ஏற்க மாட்டார்கள்.

சில்வர் ஓக் மரங்களை மறந்துவிடாதீர்கள். தகராறு ஆரம்பித்ததும் கையில் தோட்டம் இருப்பவர் முதலில் கைவைப்பது அதில்தான். 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் சொந்த நிலத்து மரத்தையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. பட்டாதாரர் மனுக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தால் மற்ற பங்காளிகள் கிரயப் பத்திர நகல், வாரிசுச் சான்று வைத்து மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

நிலம் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வந்தால் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அது தெரியாமல் ஒருவரிடம் பணம் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

கூடலூர்_பக்கம்
கூடலூர், பந்தலூர் தாலுகாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு சேர்க்கை. மேலே சொன்னதெல்லாம் ரயத்துவாரி பட்டா நிலத்துக்கு, அதாவது உரிமையாளர் நேரே அரசுக்கு வரி கட்டுகிற நிலத்துக்கு. 1969 ஜன்மம் (பழைய பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் வரும் நிலத்தில் பட்டா இல்லாமல் தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் நிலம் எந்தப் பிரிவு என்று தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். குடும்பத்துக்குள் யார் எந்த இடத்தில் பயிர் செய்வது, வீடு யாருக்கு, வருமானம் எப்படி என்று ஏற்பாடு எழுதிக்கொள்ளலாம். அது குடும்பத்தாரைத்தான் கட்டும், அரசைக் கட்டாது.

ஹட்டிவாசல்
மூத்தவர் வீட்டில் 2 பிள்ளைகளில் ஒருவர் மைனர். ஒரு மகள் குவைத்தில். இளைய மகன், "மகள்கள் இருவரும் விடுதலை எழுதிக் கொடுத்தால் சுலபம்" என்கிறார். ஹட்டி வீட்டை என்ன செய்வது?

பத்திரக்கட்டு
மைனர் பங்கில் அவசரம் காட்டாதீர்கள். தகப்பன் இறந்து வாரிசாக வந்த பங்கு அது. தாய் இயற்கைப் பாதுகாவலர்தான், ஆனால் 1956 இந்து மைனர் பாதுகாவலர் சட்டம் 8-வது பிரிவுப்படி கோர்ட் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. மீறி எழுதினால் மைனர் 18 வயது தாண்டி 3 ஆண்டுக்குள் ரத்து கேட்கலாம். சமமாகப் பாகம் பிரிப்பதில் மைனருக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டால் போதும், விட்டுக்கொடுப்பது என்றால் மாவட்ட நீதிமன்ற அனுமதி வாங்கிவிட்டே செய்யுங்கள்.

குவைத்தில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி சான்று பெற்று அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். பொதுப்பவர் வேண்டாம். "இந்தச் சர்வே எண், இந்த வரைபடத்தில் 'இ' என்று குறித்த துண்டு எனக்கு வருமாறு பாகப்பிரிவினையில் கையெழுத்திட மட்டும்" என்று குறிப்பிட்ட பவராக எழுதுங்கள்.

விடுதலைப் பத்திரம் பற்றி. மகள்கள் மனமுவந்து கொடுத்தால் தடையில்லை. ஆனால் "சும்மா ஒரு கையெழுத்து" என்று சொல்லி வாங்காதீர்கள். 80 சென்டின் இன்றைய மதிப்பு என்ன, பதிலுக்கு என்ன பெறுகிறார்கள் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், பணம் வங்கி வழியாகப் போகட்டும். ஏமாற்றி வாங்கியதாக வழக்கு வந்தால் அந்த வரிகள்தான் காப்பாற்றும். யாருக்கு விடுதலை என்பதும் முக்கியம். ஒரே ஒரு சகோதரர் பெயருக்கு எழுதுவதா, மீதிப் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாகவா என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும்.

செலவு: 10.7.2023 முதல் குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட் மூன்றுக்கும் முத்திரைத்தீர்வை 1%, அதிகபட்சம் ₹40,000. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் ₹10,000. பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனி. மூத்தவரின் மனைவி, பிள்ளைகள் சித்தப்பா அத்தைகளோடு சேர்ந்து எழுதுவதால் உறவு "குடும்பம்" என்ற வரையறைக்குள் வருகிறதா என்று வரைவை சார்பதிவாளரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வரவில்லை என்றால் இந்த உச்சவரம்பு கிடைக்காது.

வீடு: ஹட்டியில் வரிசை வீடு, சுவர் பொது, குறுக்கே சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாது. ஒருவர் எடுத்துக்கொண்டு மற்ற நால்வருக்கு மதிப்பைத் தேயிலையிலோ பணத்திலோ கொடுப்பதே நடைமுறை. 23-வது பிரிவின் பழைய தடை, ஆண் வாரிசுகள் பிரிக்கும்வரை மகள் குடும்ப வீட்டில் பங்கு கேட்க முடியாது என்பது, 2005-ல் நீக்கப்பட்டுவிட்டது.

முன்சீப்_வாசல்
ஊர்க் கூட்டத்தில் முடித்தால் ஒரு எச்சரிக்கை. "இன்று இன்னின்னவருக்கு இன்னின்ன துண்டு என்று பிரிக்கிறோம்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது பாகப்பிரிவினைப் பத்திரம், பதிவு இல்லாமல் கோர்ட்டில் பாகத்துக்குச் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். முன்பே வாயால் பிரித்து அனுபவத்தில் இருப்பதைப் பிறகு குறித்து வைப்பது வேறு, அதற்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் தனிப்பட்டா, வங்கிக் கடன் எல்லாம் பின்னால் வேண்டும். செலவைப் பார்க்காமல் பதிவே செய்துவிடுங்கள்.

பேச்சு முறிந்தால் பாகவழக்கு. எல்லாப் பங்காளிகளும், மைனர் உட்பட, கட்சிக்காரர்களாக வர வேண்டும். எல்லாச் சொத்தும், ஹட்டி வீடு உட்பட, அட்டவணையில் வர வேண்டும். தோட்டத்துக்கு மட்டும் போட்டு வீட்டை விட்டால் பகுதிப் பாகம் கேட்கிறார்கள் என்று வழக்கே தள்ளுபடியாகலாம். கோர்ட் கட்டணம் 1955 தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டம் 37-வது பிரிவு: நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் சிறிய நிலையான கட்டணம். வெளியேற்றப்பட்டதாக மனுவிலேயே நீங்கள் எழுதினால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3%. 80 சென்ட் ₹40 லட்சம் என்று வைத்தால் ₹1,20,000. உண்மைக்கு மாறாக எழுதச் சொல்லவில்லை, ஆனால் மனுவின் ஒவ்வொரு சொல்லையும் கவனித்து எழுத வேண்டும்.

முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கை மட்டும் சொல்லும். பிறகு இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு, வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து வரைபடம் போடுவார். அந்த நாளில் எல்லோரும் ஆஜராகி வழி, தண்ணீர், செடி எண்ணிக்கை பற்றி எழுத்தில் குறிப்புக் கொடுங்கள். அறிக்கை வந்தபின் ஆட்சேபிப்பது கடினம். இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத் தாளில் எழுதி வாங்க வேண்டும், நிறைவேற்ற 12 ஆண்டு கெடு. முத்திரைத் தாள் கொடுக்காமல் காலம் தள்ளினாலும் கெடு அந்தத் தீர்ப்பாணைத் தேதியிலிருந்தே ஓடும்.

வழக்கு நடக்கும்போது இலை வருமானத்தைப் பார்த்துக்கொள்ள ரிசீவர் (கோர்ட் நியமிக்கும் நிர்வாகி) கேட்கலாம், விற்காமலிருக்கத் தடையாணை கேட்கலாம். மீறி விற்றாலும் வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான், சொத்து மாற்றுச் சட்டம் 52-வது பிரிவு.

திடீரென்று உயில் ஒன்று வந்தால் பதற வேண்டாம். உயில் பதிவாகியிருக்க வேண்டியதில்லை, ஊட்டி, கோத்தகிரி நிலத்துக்கு இங்கேயே எழுதிய உயிலுக்கு புரோபேட்டும் (உயில் உண்மை என்ற கோர்ட் சான்று) கட்டாயமில்லை. ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது கூண்டில் ஏறி, எழுதியவர் கையெழுத்திட்டதைச் சொல்ல வேண்டும். எழுதியவரின் உடல்நிலை, யார் வீட்டில் எழுதியது, இத்தனை ஆண்டு ஏன் வெளியே வரவில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் உயிலைக் கொண்டுவந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். வழக்குப் போடுமுன்பே அங்கே சமரசத்துக்கு அழைக்கச் சொல்லலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

ஹட்டிவாசல்
மூத்தவர் வீட்டார் பேச ஒத்துக்கொண்டால் அவர்களிடம் முதலில் எதை வைப்பது? இத்தனை ஆண்டு தோட்டத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தானே.

பச்சைஇலை
அதை முதலில் நீங்களே சொல்லுங்கள். செத்த செடி மாற்றி நட்டது, கல்கட்டு கட்டியது, மோட்டார் வாங்கியது என்று அவர்கள் போட்ட செலவை ரசீதோடு பட்டியலிடச் சொல்லி, அதைக் கழித்துவிட்டே பழைய வருமானத்தைப் பேசுங்கள். அவர்கள் கையாலேயே பராமரித்த துண்டை அவர்களுக்கே ஒதுக்கினால் பாதிப் பிடிவாதம் இறங்கிவிடும். பழைய ஆண்டுகளின் வருமானத்தை ரூபாய் பைசாவாகத் தோண்டி எடுப்பதைவிட, இனி வரும் சுற்றிலிருந்து 1/5 என்று ஆரம்பிப்பது நல்லது. அதற்கு எல்லோரும் மனதார ஒப்ப வேண்டும்.

சர்வே_கல்
துண்டு போடுவதற்கு முன் ஐந்து பேரையும் ஒரே நாளில் எல்லையைச் சுற்றி நடக்க வையுங்கள், குவைத்தில் இருப்பவருக்கு வீடியோ அழைப்பில் காட்டுங்கள். துண்டுகளை மதிப்புச் சமமாக்கிய பிறகு சீட்டுக் குலுக்கலாம், அதற்கு முன் குலுக்கக் கூடாது. பதிவு முடிந்ததும் உட்பிரிவுப் பட்டா மாற்றத்துக்குப் பத்திரத்தோடு வரைபடத்தையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். பரப்பை ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) அளவிலும் எழுதுங்கள், 80 சென்ட் என்பது சுமார் 32.4 ஏர். சென்ட் மட்டும் எழுதி, தாலுகாவில் மாற்றும்போது முழுமையாக்கி ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் வந்துவிடுவதைத் தடுக்கலாம். சர்வேயர் கல் போட வரும் நாளில் பக்கத்து நிலக்காரர்களுக்கும் அறிவிப்புக் கொடுத்து, நின்று பார்க்கச் சொல்லுங்கள். வெளி எல்லை தப்பாக இருந்தால் உள்ளே எவ்வளவு சரியாகப் பிரித்தும் ஐந்து துண்டும் நகர்ந்துவிடும்.